பதினேழாம் எண்ணின் மாத்திரை

2019 மார்ச் 4, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இருந்த இரண்டு குடத்தில் ஒன்று முன்னறையைக் கழுவவே போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை. மகள் பெனிட்டா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற பிள்ளை இப்படியா வீட்டைவிட்டுக் கிளம்புவது?

நான் வேலை பார்க்கும் மருந்துச் சோதனை சென்டரில் புது ஆய்வு. டாக்டர் பத்ரிநாத் நர்ஸுகள் ஆறு பேரையும் கூப்பிட்டு விளக்கினார். சர்க்கரை நோய்க்கான மாத்திரை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பல வருடமாக விற்கிறது. அதையே இங்கே ஒரு கம்பெனி செய்திருக்கிறது. இரண்டும் ரத்தத்தில் ஒரே மாதிரி ஏறுகின்றனவா என்று நோயில்லாத ஆண்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. விசேஷம் என்னவென்றால், இது வயிற்றுக்குள் மிதக்கிற மாத்திரை.

கண்ணாடிக் குவளையில் வயிற்று அமிலம் போன்ற ஒரு நீரை ஊற்றி ஒன்றைப் போட்டுக் காட்டினார். அடியில் போய்க் கிடந்தது. சோடா மாதிரி நுரை விட்டது. மூன்றாவது நிமிடம் எழும்பி மேலே வந்து நின்றுவிட்டது.

"சாதா மாத்திரைய வயிறு ரெண்டு மூணு மணி நேரத்துல குடலுக்குத் தள்ளிடும். இது சாப்பாட்டு மேல தெப்பம் மாதிரி மிதக்கும். போகாது. பன்னண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா மருந்த விட்டுக்கிட்டே இருக்கும்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது இரண்டு மடங்காக உப்பி, ஊறின சப்ஜா விதைபோல் மேலே வழுவழுவென்று ஆடை கட்டியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மற்ற பெண்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

விதி: மாத்திரை விழுங்கி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த ஆள் ஆய்வில் இல்லை. நேரம், அளவு, நிறம், அதில் மாத்திரை கிடக்கிறதா என்று நாங்கள் பார்த்து எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் சளியும் சீழும் அள்ளியாயிற்று, இனி வேண்டாம் என்றுதான் இந்த ஏசி கட்டடத்துக்கு வந்தேன். இங்கேயும் வாந்தியைக் கிளறு என்கிறார்கள்.

மார்ச் 8, வெள்ளி

மாலை ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இருபத்தெட்டுப் பேர். பையையும் ஆளையும் சோதித்தபோது ஒருவன் ஜட்டிக்குள் ஹான்ஸ் புகையிலை பாக்கெட் வைத்திருந்தான். அதை எடுக்கச் சொல்லி என் கையில் வாங்க வேண்டியிருந்தது. இன்னொருவனுடைய கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், செருப்பைக் கழற்றியதும் அறை முழுக்க அந்த நாற்றம். இவர்கள் எல்லாரும் 'நல்ல ஆரோக்கியமுள்ள தன்னார்வலர்கள்'. படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.

எண் 17, தணிகைவேல், வயது முப்பத்தாறு, திருத்தணி பக்கம். விசைத்தறி ஓட்டுகிறவராம். இடது முழங்கை மடிப்பில் ஊசி குத்திய புள்ளி, சுற்றிலும் மஞ்சளும் பச்சையுமாகக் கன்றியிருந்தது.

"என்ன இது?"

"முள்ளு குத்திச்சு மேடம். வேலி ஓரம்."

"மடிப்புக்குள்ள சரியா நரம்பு மேல வந்து குத்துமா முள்ளு?"

சிரித்தார். முன்பல் ஓரத்தில் காவி. நான் 'முள் காயம்' என்று எழுதிக்கொண்டேன். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள், முழங்கால் வலி வேறு.

மார்ச் 9, சனி

ஏழரைக்குக் காலை உணவு. வயிறு நிறைந்திருந்தால்தான் மாத்திரை அங்கே தங்கும் என்பதால் கொழுப்பாகவே எல்லாம். வெண்ணெயில் பொரித்த முட்டை இரண்டு, வெண்ணெய் ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், கோழிக் கட்லெட், ஆடை எடுக்காத பால் ஒரு டம்ளர். அரை மணி நேரத்தில் மிச்சமில்லாமல் முடிக்க வேண்டும். நாங்கள் எதிரில் நின்று பார்க்க வேண்டும். இருபத்தெட்டுப் பேர் அவசர அவசரமாக மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யாரிடமும் சொல்ல முடியாது. "தட்டுல இருக்குற வெண்ணெயையும் துடைச்சுச் சாப்பிடுங்க" என்று நானே சொன்னேன். துடைத்துச் சாப்பிட்டார்கள்.

இரண்டு பேரால் முடிக்க முடியவில்லை, அனுப்பியாயிற்று. எட்டு மணிக்கு மாத்திரை. விழுங்கினதும் டார்ச் அடித்து, மரக்குச்சியால் நாக்கை அழுத்தி, கன்னத்துக்குள், மேலண்ணத்தில், நாக்கின் அடியில் ஒளித்திருக்கிறானா என்று பார்த்தேன். இருபத்தாறு வாய். முட்டையும் பீடியும் சொத்தைப் பல்லும் சேர்ந்த இருபத்தாறு மூச்சு என் முகத்தில். ஒன்பது மணிக்கு ஒருவன் எல்லார் எதிரிலும் வாந்தி எடுத்தான். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்து எழுதினேன். இருபத்தைந்து. முடிவில் இருபத்து நான்கு பேராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து. "இன்னும் ஒரே ஒருத்தர்தான் போகலாம், பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணி ஐந்து நிமிடம். ஆண் உதவியாளர் சாப்பிடப் போயிருந்தார். கழிப்பறை வாசலில் நான். தணிகைவேல் உள்ளே போனார். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தாழிடக் கூடாது என்பது விதி. தள்ளிக்கொண்டு போனேன்.

வாஷ்பேசினில் எடுத்திருந்தார். திரிந்த பால், முட்டைத் துணுக்குகள், நடுவே காப்பித்தூள் போலக் கறுப்பாக ஏதோ. அதன் மேல் மாத்திரை. ஐந்து மணி நேரத்தில் கொழகொழவென்று பெருத்து, டாக்டர் குவளையில் காட்டினதைப் போலவே, மிதந்துகொண்டிருந்தது.

"மேடம், எழுதாதீங்க மேடம்."

"எழுதித்தான் ஆகணும்."

"நாலு மாசமா தறி ஓடல மேடம். எழுதினா இப்பவே வூட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்க." வாயைத் துடைத்துக்கொண்டார். "மாத்திரை உள்ள இருந்தா வாந்தி இல்லதானே?"

நான் அவர் என்ன சொல்கிறார் என்று யோசிப்பதற்குள் கையை பேசினுக்குள் விட்டார். எடுத்தார். குழாயைத் திறந்து கழுவினார். விரலிடுக்கில் இரண்டு முறை வழுக்கியது. பிறகு வாயில் போட்டு விழுங்கிவிட்டார். நான் ஒன்றும் சொல்வதற்குள் நடந்துவிட்டது.

விழுங்கியதும், நான் கேட்காமலே, வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

பேசினை டெட்டால் ஊற்றிக் கழுவினேன். பதிவேட்டில்: '13:11. எண் 17 கழிப்பறை சென்று திரும்பினார். வாந்தி இல்லை.'

மார்ச் 10, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார். பதினெட்டாம் எண்காரன் போகும்போது வத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பதினேழு வாந்தி எடுத்தான் என்று.

"நீங்கதானே சிஸ்டர் அங்க இருந்தீங்க?"

"ஆமா டாக்டர்."

"நீங்க என்ன எழுதிருக்கீங்க?"

"வாந்தி இல்லைன்னு."

என்னையே பார்த்தார். நல்ல மனிதர் போலத்தான் இருக்கிறது முகம். வெள்ளைச் சட்டை, விபூதிக் கீற்று, மேசையில் பிள்ளைகள் படம். "எழுதினதுதான் நடந்தது. எழுதாதது நடக்கல. நம்ம வேலைல அவ்வளவுதான் சிஸ்டர்" என்று புன்னகை செய்து, தன் தட்டிலிருந்து ஒரு முந்திரி பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்து குப்பைக்கூடையில் போட்டேன். அவருக்குத் தெரியும். கேட்கும்போதே தெரிந்துதான் கேட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

நெத்திலி வாங்கினேன். ஆயும்போது அதன் குடல் விரலில் வழுக்கியது, அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

சாயங்காலம் வீட்டுக்காரருக்கு மறுபடியும் வயிறு சரியில்லை. கட்டில் ஓரம் முழுக்க. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது போதகர் வீட்டம்மா போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை ஏன் இருவரும் வரவில்லை என்று கேட்டார்கள். அவருக்கு வயிறு சரியில்லை என்றேன். போனை வைத்ததும் பெனிட்டா புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

"அந்த வயிறு என்னம்மா பண்ணும், பாவம். அதுமேல ஏன் பழியப் போடறீங்க?"

அடிக்கக் கை ஓங்கினேன். ஈரத் துணியோடு இருந்தது கை. அடிக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

இரண்டாம் சுற்று. ஒருவன் வரவில்லை. ஆக, சரியாக இருபத்து நான்கு. இனி ஒருவர்கூடப் போகக் கூடாது.

தணிகைவேல் வந்திருந்தார். கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து. கண் ரப்பையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சுண்ணாம்பு போல இருந்தது. இந்தத் தடவை வலது கை மடிப்பில் புது ஊசிப் புள்ளி, பிளாஸ்திரியின் பசைகூடப் போகவில்லை.

"எங்க போயிருந்தீங்க? உண்மையச் சொல்லுங்க."

"எங்கயும் போகல மேடம்."

"இன்னொரு சென்டர்லயும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வலி மாத்திரைதான் மேடம், அது ஒண்ணும் பண்ணாது" என்றார். வெறும் வயிற்றில் கொடுத்தார்களாம். சென்டர்கள் பொதுவாக வைத்திருக்கும் கைரேகைப் பதிவில் மாட்டிக்கொள்வோம் என்று, ரேகை கேட்காத அந்த இடத்துக்குத் தம்பி பேரில், தம்பி அட்டையில் போயிருக்கிறார்.

டாக்டரிடம் சொன்னேன். இங்கே தவிர வேறெங்கோ மருந்து சாப்பிடுகிறார், ரத்தம் குறைந்திருக்கிறது, வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஹீமோகுளோபின் எவ்வளவு?"

"பன்னிரண்டு புள்ளி ஆறு."

"எல்லை பன்னிரண்டரை. உள்ளதானே இருக்கார்? வேற எடத்துல சாப்பிட்டதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா? இல்லல்ல?"

வெளியே வந்து அவருக்குப் படுக்கை எண் கொடுத்தேன்.

மார்ச் 16, சனி

அதே முட்டை, அதே வெண்ணெய், அதே பால். அவர் கடைசி வாய் ரொட்டியைப் பத்து நிமிடம் மென்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாத்திரை. டார்ச். நாக்கு.

பதினொன்றேகாலுக்கு எட்டாவது முறை ரத்தம் எடுத்தோம். எழுந்து கழிப்பறைக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினால், தாடை பேசின் விளிம்பில் பட்டுக் கிழிந்திருந்தது. சட்டை முழுக்க வாந்தி. இந்த முறை நன்றாகவே கறுப்பு, பழைய ரத்தத்தின் அந்த இரும்பு நாற்றம். போன வாரம் நடுவே கண்ட காப்பித்தூள் என்னவென்று எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருட நர்ஸ். தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆம்புலன்ஸ் வருமுன் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வழுக்கி விழுந்தார்னு எழுதுங்க சிஸ்டர். தரை ஈரமா இருந்துச்சு. வாந்தின்னு வேண்டாம்." அவர் ஷூ முனையில் ஒரு துளி தெறித்திருந்தது. பேசிக்கொண்டே அதை டிஷ்யூ காகிதத்தால் துடைத்தார்.

மார்ச் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில் வயிற்றில் புண், கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார். தாடையில் ஆறு தையல். தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி வள்ளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவளாம், விரல் நுனியெல்லாம் வெடிப்பு. "கம்பெனில செக்யூரிட்டி வேலன்னு சொல்லிட்டு வந்தாரு மேடம். சனி ஞாயிறு டூட்டின்னு" என்றாள். பிறகு, "எப்பலேர்ந்து மேடம் இவருக்கு வயிறு சரியில்ல?"

ஒரு வாரமாக என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியவில்லை என்றேன்.

மார்ச் 18, திங்கள்

எழுதிவிட்டேன். மூன்று பக்கம். மார்ச் 9, மார்ச் 15, மார்ச் 16. நேரம், அளவு, நிறம். நான் பொய்யாகப் பதிந்ததையும் எழுதினேன். ஒரு நகல் டாக்டருக்கு, ஒன்று ஆய்வுகளை மேற்பார்க்கிற நெறிமுறைக் குழுவுக்கு. வேலை போனால் போகட்டும்.

எழுதின கையோடு இதையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. குடிக்கிறார். பதினோரு வருடமாகக் குடித்துவிட்டு வந்து வீட்டில் வாந்தி எடுக்கிறார், நான் அள்ளுகிறேன், யாருக்கும் சொல்வதில்லை. இந்த நாட்குறிப்புக்குக்கூடச் சொன்னதில்லை.

இரண்டையும் எழுதியதும் குளித்தது போல இருந்தது. ராத்திரி சோறு இறங்கியது.

மார்ச் 25, திங்கள்

வேலை போகவில்லை. அதைவிட மோசம்.

எல்லாரையும் பெரிய அறையில் உட்காரவைத்து டாக்டர் பத்ரிநாத் என் மூன்று பக்கத்திலிருந்து சில பகுதிகளைப் படித்தார். "தவறை ஒத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும். இதுதான் நம்ம சென்டரோட நேர்மை" என்றார். கை தட்டினார்கள். மார்ச் 15 அன்று நான் அவரிடம் சொன்னது, அவர் எல்லையைக் காட்டிப் பேசினது, ஈரத்தரை எதையும் படிக்கவில்லை. சென்டர் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் 'எங்கள் ஊழியரே கண்டறிந்து தெரிவித்த விதிமீறல்' என்று இருக்கிறதாம். எனக்குப் பதிவேடு பராமரிப்பில் அரை நாள் பயிற்சி, அதற்கு ஒரு சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த ஆய்வு செல்லாது. ஏப்ரலில் அதே மாத்திரை, புது ஆட்கள். ஆஸ்பத்திரிச் செலவை சென்டர் ஏற்றுக்கொண்டது. பதினேழாம் எண்ணின் கைரேகையைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், இனி எந்த சென்டரிலும் அவரை எடுக்க மாட்டார்கள். அது அவருக்கு நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 29, வெள்ளி

பெனிட்டாவும் நானும் அவரைக் குடிநோய் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆட்டோவில் ஒருமுறை எடுத்தார். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் பெனிட்டாவே எழுதினாள்.

ஏப்ரல் 4, வியாழன்

இன்று புது ஆட்கள் வந்து சேரும் நாள். இரண்டு மணிக்கு நான் வேலைக்கு வரும்போது வாசலில் தணிகைவேல் நின்றிருந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. தாடைத் தையல் பிரித்து சிவப்பாகக் கோடு கிடந்தது. சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எதிரில் டீக்கடை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஒடம்பு எப்படி இருக்கு?"

"பரவால்ல மேடம். பாலும் கஞ்சியும்தான்." தாடைத் தழும்பைத் தடவினார். "எழுதிக் குடுத்துட்டீங்களாமே."

"ஆமா. உங்க உயிருக்கே..."

"அத்த சொல்லல மேடம். வாந்தி எடுத்தான்னு எழுதினீங்க, சரி. வேற எடத்துல மாத்திரை சாப்ட்டான்னு எழுதினீங்க, அதுவும் சரி, தப்பு என்மேலதான். எடுத்துத் தின்னதையும் எழுதணுமா?"

நான் சென்டர் வாசலைப் பார்த்தேன்.

"டாக்டரு ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்து வாங்க அந்தப் பேப்பரப் படிச்சாரு. வள்ளி பக்கத்துல நிக்கிறா. 'அருவருப்பான முறையில்'னு போட்டிருக்கீங்களாம். அந்த வார்த்தைய ரெண்டு வாட்டி படிச்சாரு. அதுலேர்ந்து அவ என் தட்டுல சோறு போடறப்போ மூஞ்சப் பாக்கறதில்ல. புள்ளைங்களுக்கு நான் ஊட்டினா வாங்கிக்கினு போயிடறா."

"நடந்ததத்தானே எழுதினேன்."

"நடந்தது எல்லாத்தையுமா மேடம் எழுதினீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

"ரெண்டு வாட்டி வழுக்கிச்சே, அப்ப நான் உங்களத்தான் பாத்தேன். வேணாம்யான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா பேசின்லயே போட்டுட்டு வந்திருப்பேன். வாய்ல போட்டும் இறங்கல. தொண்டைல நின்னுக்கிச்சு. நீங்கதானே மேடம் தண்ணி குடுத்தீங்க."

பஸ் வந்தது. கும்பிட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். ஊருக்குப் போகிற பஸ்தானா என்றுகூட நான் கேட்கவில்லை.

உள்ளே இருபத்தெட்டுப் பேர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் இன்னும் டீக்கடை பெஞ்சில்தான் இருக்கிறேன். போனில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆமாம், கொடுத்தேன். கதவருகே மேசையில் இருந்த டம்ளர். அவர் கண்ணில் நீர் வர நின்றபோது, இன்னும் ஒருவர் போனால் தொல்லை என்று மனதில் ஓடியது, கை தானாக டம்ளரை எடுத்து நீட்டியது. முக்கால் டம்ளர் இருந்தது. முழுவதும் குடிக்கும்வரை நின்று பார்த்தேன். மார்ச் 9 அன்று இந்த நாட்குறிப்பில் அது இல்லை. மூன்று பக்கத்திலும் இல்லை. அவர் தின்றதை எழுதினேன்.